வெள்ளைக்கல்லும் ஹைட்ரஜனும்: மெக்னீசியம் ஹைட்ரைடில் நானோ அளவின் பயனும் எல்லையும்

நாகலூரும் ஏற்காடும் அமைந்துள்ள சேர்வராயன் மலையின் அடிவாரத்தில், சேலத்தை ஒட்டிய செட்டிச்சாவடி, கருப்பூர்ப் பகுதிகளில் வெண்ணிறச் சுரங்கக் குவியல்கள் தென்படும். ஆங்கிலேயர் இவற்றைச் சுண்ணக் குன்றுகள் என்றனர். உண்மையில் அது சுண்ணாம்பு அன்று. மக்கள் வெள்ளைக்கல் என வழங்கும் மேக்னசைட். உலைகளுக்கான தீச்செங்கல் செய்யவே இது பெரிதும் பயன்படுகிறது. எனினும் இதன் எடையில் ஏறத்தாழ 29 விழுக்காடு மெக்னீசியம். அவ்வுலோகமோ ஹைட்ரஜனைத் திண்ம நிலையில் சேமிக்க வல்லது.

மெக்னீசியம் ஹைட்ரைடின் எடையில் 7.6 விழுக்காடு ஹைட்ரஜன் ஆகும். ஒரு கனமீட்டர் ஹைட்ரைடில் சுமார் 110 கிலோ ஹைட்ரஜன் அடங்கும். திரவ ஹைட்ரஜனிலோ 71 கிலோ மட்டுமே. இடர்ப்பாடு அதனை வெளிக்கொணர்வதில்தான் உள்ளது. உலோகத் துகளின் புறப்பரப்பில் முதலில் உருவாகும் ஹைட்ரைடு, மூடி போல் அமைந்து ஹைட்ரஜன் உட்செல்வதைத் தடுக்கிறது. பந்து ஆலையில் அரைத்துத் துகளை நானோ அளவுக்குக் குறைத்தால், ஹைட்ரஜன் கடக்க வேண்டிய தொலைவு சுருங்குகிறது. நிக்கல், நியோபியம் ஆக்சைடு போன்ற வினையூக்கிகளைச் சிறிதளவு சேர்ப்பின், 300 பாகை செல்சியசில் மணிக்கணக்கில் நிகழ்ந்த வினை நிமிடங்களில் முடிகிறது.

இங்கு வேகத்தையும் வெப்பத் தேவையையும் வேறுபடுத்திக் காண வேண்டும். இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதுவோர் பலர். வினையூக்கி வேகத்தைக் கூட்டுமேயன்றி, ஒரு மோல் ஹைட்ரஜனை விடுவிக்கத் தேவையான சுமார் 75 கிலோஜூல் வெப்பத்தைக் குறைப்பதில்லை. ஹைட்ரஜன் தரும் ஆற்றலில் இது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. துகள் ஓரிரு நானோமீட்டருக்குச் சுருங்கும்போதே இத்தேவை குறிப்பிடத்தக்க அளவு குறையும் எனக் கணக்கீடுகள் காட்டுகின்றன. அத்துணை நுண்ணிய துகள்களோ மீண்டும் மீண்டும் சூடேறும்போது ஒன்றோடொன்று சேர்ந்து பருத்துவிடுகின்றன. காற்றுப்பட்டால் எளிதில் ஆக்சைடாகின்றன. நுண்துளைக் கரிமத்துக்குள் அவற்றை அடைத்துவைப்பது ஒரு வழி. ஆனால் அக்கரிமத்தின் எடை 7.6 விழுக்காடு என்னும் சிறப்பைக் குறைத்துவிடும்.

சுமார் 80 பாகையில் இயங்கும் வாகன எரிபொருள் மின்கலனின் கழிவு வெப்பம் இதற்குப் போதாது. ஆகவே, உயர்வெப்ப மின்கலனோ உலையோ அருகிலுள்ள நிலையான சேமிப்பகங்களே இதற்கு உகந்தவை. கல்லிலிருந்து ஒரு கிலோ மெக்னீசியம் பெறும்போது, எரிபொருட் புகை நீங்கலாகவே, 1.8 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.