கை ஆறிவிட்டது, மனம் ஏன் இன்னும் திடுக்கிடுகிறது?

மட்டக்களப்பு வாவிக்கரையில் ஒரு நெல் மில். பெல்ட்டில் சிக்கி ஒருவருக்கு விரல் போனது என்று வையுங்கள். தையல் பிரித்து மாதங்களாகிவிட்டன. ஆனாலும் வீட்டில் கிரைண்டர் ஓடத் தொடங்கினால் உள்ளங்கை வியர்க்கிறது. ஏன்?

ஒருமுறை கள்ளன் வந்துபோன வளவில், தென்னோலை விழுந்தாலும் நாய் குரைக்கும், கவனித்திருப்பீர்கள். மூளைக்குள்ளும் அப்படியொரு காவல் நாய் உண்டு. பெயர் அமிக்டலா, வாதுமைப் பருப்பு அளவுதான். விபத்தன்று கேட்ட சத்தம், மூக்கில் ஏறிய தவிட்டு மணம் எல்லாவற்றையும் அது ஆபத்தோடு முடிச்சுப் போட்டுவிடுகிறது. நீங்கள் யோசிக்கும் முன்பே குரைத்தும் விடுகிறது.

சரி, மில் பக்கமே போகாமல் இருந்தால்? இங்கேதான் வேடிக்கை. திரும்பி நடந்ததும் நெஞ்சு லேசாகிறது. நாயோ, தான் குரைத்ததால்தான் கள்ளன் ஓடினான் என்று நம்பிவிடுகிறது. அடுத்த முறை இன்னும் பலமாகக் குரைக்கும்.

ஆகவே அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் பழக்க வேண்டும். முதலில் கேற் வரை. பிறகு ஒரு கூட்டாளியோடு, நின்றிருக்கும் இயந்திரத்தின் அருகே. ஓடும் இயந்திரம் கடைசியில். "ஆம்பிளைக்கு என்ன பயம்?" என்ற ஏச்சு மட்டும் வேண்டாம், நாயை ஏசி யார் பழக்கினார்?

கெட்ட கனவும் தூக்கமின்மையும் ஒரு மாதம் தாண்டினால் வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குப் போங்கள். 1926 என்ற தேசிய உளநல உதவி எண்ணுக்கும் அழைக்கலாம்.