அடிக்கு எத்தனை ரூபாய்?

கோவைப் பக்கம் தோட்டத்தில் போர் போட வரும் லாரிகளின் கதவில் 'திருச்செங்கோடு' என்ற பெயரை அடிக்கடி பார்க்கலாம். ஒரு லாரியில் ரிக்கும் கம்ப்ரஸரும் இருக்கும். கூட வரும் லாரியில் ராடுகள். மத்தியப் பிரதேசத்துக் கிராமங்களிலும் இதே ஊர்ப்பெயர் நிற்கும்.

தோட்டக்காரர் கேட்பது ஒன்றே: அடி என்ன விலை?

பதிலில் பெரும்பங்கு டீசல். பாறையைக் கொத்தும் ஹாமரை இயக்குவதும், கொத்திய தூளை மேலே ஊதித் தள்ளுவதும் கம்ப்ரஸர் காற்றுதான். ஆழம் கூடினால் குழிக்குள் நிற்கும் தண்ணீரையும் சேர்த்துத் தூக்கவேண்டும். குறிப்பிட்ட ஆழத்துக்குப் பின் நூறடிக்கு நூறடி விலை ஏறுவது இதனால்தான். கொங்குப் பாறையில் ஆயிரம் அடி தாண்டுவது இப்போது யாருக்கும் வியப்பில்லை.

அடுத்தது ஹாமரின் முனையில் மாட்டும் பிட். அதன் முகத்திலுள்ள டங்ஸ்டன் கார்பைடு பட்டன்கள் மழுங்கினால் சாணை பிடிக்கலாம். விளிம்புப் பட்டன்கள் தேய்ந்தால் பிட்டே சிறுத்துவிடும்; குழியும் கீழே போகப்போகக் குறுகும். பாதியில் புதுப் பிட் மாட்டினால் இறங்காமல் சிக்கிக்கொள்ளும். அனுபவப்பட்ட ட்ரில்லர், அரைத்தேய்மானப் பிட்டுகளைத் தூக்கிப் போடாமல் வைத்திருப்பது இதற்குத்தான். ராடோடு ஹாமர் உள்ளேயே மாட்டிக்கொண்டால் அன்றைய வருமானம் மட்டுமா போகும்?

இவையெல்லாம் வண்டி ஓடினால் ஆகிற செலவு. கடன் தவணை, இன்ஷூரன்ஸ், வரி, ஆட்களுக்குக் கொடுத்த முன்பணம், வருடாவருடம் சரியும் மறுவிற்பனை விலை ஆகியவை வண்டி நின்றாலும் நிற்காது. கணக்குக்காக இதை மாதம் 3 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். 15,000 அடி போட்டால் அடிக்கு 20 ரூபாய் விழும். 5,000 அடிதான் கிடைத்தது என்றால் 60. டீசலை நோட்டில் எழுதாத வண்டிக்காரர் இல்லை. மறுவிற்பனைச் சரிவை எழுதுபவர் அபூர்வம். தேய்மானப் பணத்தை லாபமென்று நினைத்துச் செலவழித்துவிட்டு, கம்ப்ரஸரைப் பிரித்துப் பார்க்கவேண்டிய வருடம் வட்டிக்கு அலைவதும் இதனால்தான் என்பேன். உள்ளூரில் வேலை குறைந்தால் வண்டியை வடக்கே ஓட்டிக்கொண்டு போவதிலும் இந்தக் கணக்கு உண்டு.

ஐப்பசி, கார்த்திகையில் வேலை இல்லாமல் வண்டி நிற்கும்போது, டீசல் போக அடிக்குப் பத்து ரூபாய் மிஞ்சினாலும் தவணைக்கு உதவுமே என்று விலை இறங்கி வருவார்கள். பேரம் பேச நல்ல நேரம். ஈரத் தோட்டத்தில் அவ்வளவு கனமான லாரி புதையாமல் வந்து சேருமா என்பதை மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.