முதுகெலும்பு வட்டும் சிறுதுளை அறுவையும்

மனித உடம்பை நிமிர்ந்து நிற்கச் செய்வது முதுகெலும்பு. அது சிற்றெலும்புகள் பல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பெற்ற கோவையாகும். அவை ஒன்றோடொன்று உராயாவண்ணம் இடையிடையே மெத்தை போன்ற வட்டுகள் அமைந்துள்ளன. வட்டின் புறவளையம் உறுதியானது. அகம் நுங்கு போல் நெகிழ்வுடையது. புறவளையம் கிழியின், அகத்துள்ள பொருள் பிதுங்கி அருகிலுள்ள நரம்பை அழுத்தும். இடுப்பில் இது நிகழ்ந்தால், நோவு தொடை வழியே கால்வரை பரவும்.

இந்நோயின் காரணத்தை அமெரிக்க நாட்டுப் பாஸ்டன் நகர மருத்துவர்களாகிய மிக்ஸ்டர், பார் என்னும் இருவர் 1934ஆம் ஆண்டில் தெளிவுற விளக்கினர். அக்காலத்து அறுவையில் முதுகை நீளக் கீறி, எலும்பின் ஒரு பகுதியையும் அகற்றினர். 1977ஆம் ஆண்டளவில் யாசர்கில், காஸ்பர் என்போர் நுண்ணோக்கியின் துணைகொண்டு வெட்டின் அளவைச் சுருக்கினர். 1997இல் ஃபோலி, ஸ்மித் என்போர், தசையை அறுக்காது விலக்கி, சிறு குழாயின் வழியே கருவியைச் செலுத்தும் முறையை வெளியிட்டனர்.

காயம் சிறிதாயின் நலம் பெரிதாகும் என்று கருதுதல் இயல்பே. நெதர்லாந்து மருத்துவர்கள் அக்கருத்தைச் சோதித்தறிய முற்பட்டனர். 328 நோயாளரை இரு கூறாக்கி, ஒரு சாரார்க்குக் குழாய் முறையையும் மற்றவர்க்கு வழக்கமான அறுவையையும் மேற்கொண்டனர். 2009இல் வெளிவந்த முடிவின்படி, ஓராண்டுக்குப்பின் குழாய் முறையினர் நோவு தணிதலில் சற்றுப் பின்தங்கியே இருந்தனர். 5 ஆண்டு கழிந்தபின் இருசாராரிடையே பொருட்படுத்தத்தக்க வேறுபாடு காணப்படவில்லை.

அறுவையை விரைந்து செய்தல் நன்றா, பொறுத்திருத்தல் நன்றா என்பது மற்றொரு வினா. இதனை அந்நாட்டினரே 6 முதல் 12 வாரம் கால்நோவுற்ற 283 பேரிடம் ஆராய்ந்து 2007இல் வெளியிட்டனர். விரைந்து அறுவை செய்துகொண்டோர்க்கு நோவு விரைவில் தணிந்தது. பொறுத்திருந்தோருள் ஏறத்தாழ ஐவரில் இருவர் ஓராண்டுக்குள் அறுவையை நாடினர். ஏனையோர்க்கு அது வேண்டப்படவில்லை. ஆண்டு முடிவில் இரு திறத்தாரும் ஒப்பவே நலமுற்றிருந்தனர். பிதுங்கிய பொருள் நாளடைவில் தானே சுருங்குதல் பலரிடம் காணப்படுவதாகும். அறுவைக்குப் பின்னும் சிலர்க்கு அதே வட்டு மீண்டும் பிதுங்குதல் உண்டு.

எனினும் பொறுமைக்கும் ஓர் எல்லை உண்டு. கால் வலுவிழந்து வரினும், சிறுநீர் மலங்களை அடக்கும் ஆற்றல் குன்றினும், ஒரு நாளும் தாழ்க்காது மருத்துவமனையை அடைதல் வேண்டும். அத்தகைய குறிகள் இல்லாதார் மருத்துவரோடு கலந்து, ஆர அமர எண்ணித் துணியலாம். மருத்துவத்தின் சிறப்பை வெட்டின் அளவால் மதித்தல் போதாது. ஆண்டு பல கடந்தும் நிலைக்கும் நலத்தாலேயே அதனை அளந்தறிதல் வேண்டும்.