எல்லோருக்கும் எட்டும் பாடம்

பழவேற்காட்டு ஏரியில் மீன் பிடித்து ஜீவிக்கும் ஜனங்களிடையே ‘பாடு’ என்று ஓர் ஏற்பாடு தலைமுறை தலைமுறையாக வழங்கி வருகிறது. ஏரியில் மீன் அகப்படும் துறைகள் யாவும் ஒரே தரமுடையவை அல்ல. நல்ல துறை ஒருவனுக்கே நிலைத்துவிட்டால் மற்றவன் வீட்டில் அடுப்பு எரியாது. ஆகையால் சீட்டுப் போட்டு, முறை வைத்து, துறைகளைப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். எந்தச் சர்க்காரும் கட்டளையிட்டு இது உண்டாகவில்லை. ஜனங்கள் தாங்களே கண்ட நியாயம் இது. ஆயினும் இந்த நியாயத்துக்கும் ஒரு குறை உண்டு. முறைப் பட்டியலில் இடம் பெற்றவனுக்குத்தான் துறை. இடம் பெறாதவன், ஏரி கண்ணெதிரே விரிந்து கிடந்தாலும், கரையில் நின்று பார்க்க வேண்டியவனே.

நம் தேசத்தில் இணையவழிக் கல்வியின் நிலைமையும் இன்று ஏறக்குறைய இதுவாகவே இருக்கிறது. ஐ.ஐ.டி.க்களும் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகமும் கூடி 2003-ம் வருஷத்தில் தொடங்கிய என்.பி.டி.இ.எல்., 2017-ம் வருஷம் ஜூலை 9-ந் தேதி தொடங்கப்பெற்ற ‘ஸ்வயம்’, அதே வருஷம் செப்டம்பர் 5-ந் தேதி ஆரம்பமான ‘தீக்ஷா’, நமது ராஜ்ய சர்க்கார் 2023-ல் வெளியிட்ட ‘மணற்கேணி’ என வித்தையின் ஏரி நாளுக்கு நாள் பெருகிக்கொண்டே போகிறது. இது நாம் பெருமைப்பட வேண்டிய விஷயமே. ஆனால் இந்த ஏரியில் வலை வீசும் உரிமை உண்மையில் எல்லோருக்கும் இருக்கிறதா? இதுவே இன்று நாம் கேட்க விரும்பும் கேள்வி.

பொன்னேரி தாலூகாவில், ஏரிக்கரைக் கிராமங்களில் ஒன்றாகிய காட்டூரில், கண் பார்வையற்ற ஒரு பெண் இருப்பதாக நேயர்கள் நினைத்துக்கொள்ளட்டும். விசேஷக் கல்விக்கென்று ஏற்பட்ட பெரிய ஸ்தாபனங்கள் அவளுக்கு எட்டாத தூரத்தில் இருக்கின்றன. பார்வையற்றோருக்கான அரசினர் பள்ளி பூவிருந்தவல்லியில் இருக்கிறது. பல்வகைக் குறைபாடு உடையோருக்கான தேசிய ஸ்தாபனம் சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் இருக்கிறது. காட்டூரோ சென்னைக்கு வடக்கே. இந்தத் தூரத்தை ஒழிப்பதற்காகவே இணையக் கல்வி வந்தது என்கிறோம். அவள் கையிலுள்ள கைபேசியில், திரையிலுள்ள எழுத்தை உரக்கப் படித்துக் காட்டும் ‘திரைவாசிப்பான்’ இருக்கிறது. தமிழையும் அது படிக்கும். அவள் பாடத்தைத் திறக்கிறாள். கருவி ‘படம்’ என்கிறது, மறுபடியும் ‘படம்’ என்கிறது, பிறகு மௌனமாகிறது. என்ன காரணம்? உபாத்தியாயர் தமது குறிப்புகளைக் காகிதத்தில் எழுதி, புகைப்படமாக எடுத்து, அப்படியே தளத்தில் ஏற்றிவிட்டார். கண்ணுள்ளவர்களுக்கு அது பாடம். அவளுக்கோ அது வெறுஞ் சுவர்.

சட்டம் இருக்கிறது

இது தர்மம் கேட்கும் விஷயமன்று என்பதை முதலில் தெளிவாக உணர வேண்டும். அங்கஹீனர்களின் உரிமைகளைப் பற்றிய ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கையை நமது தேசம் 2007-ம் வருஷம் அக்டோபர் 1-ந் தேதி ஏற்றுக்கொண்டது. அதன் பயனாக எழுந்ததே 2016-ம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். அச்சட்டத்தின் 42-வது பிரிவு, ஒலி, அச்சு, மின்னணு ஆகிய எல்லா வடிவங்களிலும் வெளியாகும் செய்திகள் மாற்றுத்திறனாளிகளுக்கு எட்டும் வகையில் இருக்கச் சர்க்கார் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது. பார்வையற்றோர் புஸ்தகங்களைத் தமக்கு ஏற்ற வடிவில் பெறுவதற்கான மராக்கேஷ் உடன்படிக்கையை 2014-ல் உலகிலேயே முதன்முதலில் உறுதி செய்த தேசமும் நம்முடையதே.

நீதி ஸ்தலங்களும் மௌனமாக இருக்கவில்லை. 2024-ம் வருஷம் நவம்பர் 8-ந் தேதி, ராஜீவ் ரத்தூரி வழக்கில், எட்டும்படியான வசதிகளை வெறும் சிபார்சாக வைத்திருந்த விதியைச் சுப்ரீம் கோர்ட்டு செல்லாததாக்கியது. கட்டாயமான விதிகளை மூன்று மாதத்துக்குள் வகுக்கும்படி கட்டளையிட்டது. 2025-ம் வருஷம் ஏப்ரல் 30-ந் தேதி பிரக்ஞா பிரசூன் வழக்கில், இணைய வசதிகளை அணுகும் உரிமை அரசியல் சட்டத்தின் 21-வது ஷரத்து அளிக்கும் ஜீவிக்கும் உரிமையில் அடங்கியது என்றே தீர்ப்பளித்தது. இனி இதைக் கருணை என்று யாரும் பேச வேண்டியதில்லை.

வழிகாட்டும் நூல்களும் குறைவில்லை. ஊனமுற்ற குழந்தைகளுக்கு மின்பாடங்கள் தயாரிப்பதற்கான விதிகளை மத்தியக் கல்வி மந்திரி காரியாலயம் 2021-ம் வருஷம் ஜூன் மாதம் வெளியிட்டது. பல்கலைக்கழக மானியக் குழு 2022-ல் உயர்கல்வி ஸ்தாபனங்களுக்குத் தனி விதிகள் வகுத்தது. உலகெங்கும் வழங்கும் இணைய அணுகல் விதிகளின் முதற் பதிப்பு 1999-லும், நாளது வரை திருத்தப்பட்ட 2.2 என்ற பதிப்பு 2023-லும் வெளிவந்தன. சட்டம் இருக்கிறது, தீர்ப்பு இருக்கிறது, விதி இருக்கிறது. பாடம் மாத்திரம் எட்டவில்லை. ஏன்?

குறை எங்கே இருக்கிறது?

பாடத்தை உண்டாக்குபவர் மந்திரியும் அல்ல, நீதிபதியும் அல்ல, உபாத்தியாயர். கணினித் தளம் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும், அதில் ஏற்றப்படும் ஒவ்வொரு பக்கமும் ஏதோ ஓர் ஊரில் ஏதோ ஓர் ஆசிரியர் இரவில் கண்விழித்துத் தயாரித்ததே. ஆஸ்திரேலியாவில் தோன்றி 2002-ம் வருஷம் முதல் உலகெங்கும் இலவசமாக வழங்கும் ‘மூடில்’ என்ற தளத்தில், ஆசிரியர் எழுதும் பக்கத்தில் குறை இருந்தால் சுட்டிக்காட்டும் ஒரு பொத்தான்கூட அமைந்திருக்கிறது. ஆனால் அப்பொத்தான் எதற்காக இருக்கிறது என்று ஆசிரியருக்கு யாரும் சொல்லிக் கொடுக்காவிட்டால் அதனால் யாது பயன்? 2020-ல் கொள்ளை நோய்க் காலத்தில் பள்ளிகளும் கலாசாலைகளும் மூடப்பட்டபோது, நமது உபாத்தியாயர்கள் ஒரே வாரத்தில் கணினிக்கு முன் உட்கார வைக்கப்பட்டார்கள். பாடத்தை ஏற்றுவது எப்படி என்று கற்பித்தார்கள். எல்லோருக்கும் எட்டும்படி ஏற்றுவது எப்படி என்று கற்பிப்பார் இல்லை. ஆதலால் நாம் உபாத்தியாயரைக் குறை கூற முன்வரவில்லை. அவருக்குப் பயிற்சி அளிக்காத ஏற்பாட்டையே குறை கூறுகிறோம்.

அந்தப் பயிற்சி மாயவித்தையும் அன்று. அதன் முக்கிய அம்சங்களை இங்கே எளிதில் கூறிவிடலாம். முதலாவது, தலைப்பைத் தலைப்பாகவே அமைத்தல். எழுத்தைப் பெரிதாக்கித் தடிப்பாக்கினால் கண்ணுள்ளவருக்கு அது தலைப்பாகத் தோன்றும். திரைவாசிப்பானுக்கு அது மற்றொரு வரியே. தலைப்பு என்று கணினிக்கு அடையாளம் காட்டினால்தான், பார்வையற்ற மாணவர் புஸ்தகத்தின் பக்கங்களைத் தள்ளுவதுபோல் பகுதிக்குப் பகுதி தாவிச் செல்ல முடியும். இரண்டாவது, ஒவ்வொரு படத்துக்கும் அது காட்டுவது இன்னதென்று இரண்டொரு வாக்கியம் எழுதிச் சேர்த்தல். மூன்றாவது, பேசும் படங்களுக்கெல்லாம் பேச்சை எழுத்தாகக் கீழே ஓட விடுதல். காது கேளாதவருக்கு அதுவே காது. சைகை மொழியையே தாய்மொழியாகக் கொண்டவர்களுக்குச் சைகை உரையும் வேண்டும். நான்காவது, எழுத்தின் நிறத்துக்கும் பின்னணியின் நிறத்துக்கும் போதிய வேற்றுமை இருத்தல்; சாதாரண எழுத்துக்கு நாலரைக்கு ஒன்று என்ற விகிதத்துக்குக் குறையலாகாது என்பது உலக விதி. ‘சிவப்பில் உள்ளவை தவறான விடைகள்’ என்று நிறத்தை மாத்திரம் நம்பி எழுதினால், நிறபேதம் அறியாதவர் என் செய்வார்? ஐந்தாவது, சுட்டுங் கருவியைப் பிடிக்க இயலாத கையுடையவர் விசைப்பலகையால் மட்டுமே பரீட்சையை முடிக்கும்படி அமைத்தல்; மெதுவாக எழுதுபவருக்குக் கூடுதல் அவகாசம் அளித்தல். ஆறாவது, கணிதச் சூத்திரங்களைப் படமாக ஒட்டாமல் கணினி படிக்கக்கூடிய வடிவில் எழுதுதல்.

தமிழ் உபாத்தியாயர்களுக்கு இவற்றோடு ஏழாவதாக ஒன்று மிக அவசியம். நம்மவரில் அநேகர் இன்னமும் பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்கிறார்கள். அவ்வெழுத்துருக்களில் கண்ணுக்குத் தெரிவது தமிழ். கணினியின் உள்ளே இருப்பதோ இங்கிலீஷ் எழுத்தும் குறியும். ‘பாமினி’ எழுத்துருவில் ‘அம்மா’ என்று எழுதினால், கணினி அதை ‘எம், கே, அரைப்புள்ளி, கே, எச்’ என்றே அறிகிறது. திரைவாசிப்பானும் அவ்விதமே உளறுகிறது. தாயின் பெயரைக் கேட்க விரும்பிய பிள்ளையின் காதில் விழுவது அர்த்தமற்ற ஓசை! ஒருங்குறி எழுத்தையே கையாள வேண்டும் என்று நமது ராஜ்ய சர்க்கார் 2010-லேயே முடிவு செய்தது. அம்முடிவு ஒவ்வொரு கலாசாலையின் மேஜை வரை இறங்கி வர வேண்டும். தமிழ் வாழ்க என்று கோஷிப்பவர்கள், கண்ணற்ற தமிழனுக்குத் தமிழைத் தமிழாகவே கேட்கச் செய்வதும் தமிழ்த் தொண்டே என்பதை மறக்கலாகாது.

பிறகு பார்த்துக்கொள்ளலாமா?

‘முதலில் பாடத்தை ஏற்றுவோம், குறைகளைப் பிறகு சரிசெய்வோம்’ என்று கூறுவோர் உண்டு. அமெரிக்காவில் நடந்ததை அவர்கள் கவனிக்க வேண்டும். பெர்க்கிலியிலுள்ள கலிபோர்னியா சர்வகலாசாலை தனது பிரசங்கங்களை ஆயிரக்கணக்கில் இலவசமாக வெளியிட்டு உலகின் புகழைப் பெற்றிருந்தது. அவை காது கேளாதவர்க்கும் பார்வையற்றவர்க்கும் எட்டவில்லை என்று 2016-ல் அந்நாட்டு நீதி இலாகா எடுத்துக்காட்டியது. அவ்வளவையும் திருத்துவதற்குப் பணம் மிகுதியாகும் என்று கருதிய சர்வகலாசாலை, 2017-ல் இருபதினாயிரத்துக்கு மேற்பட்ட பதிவுகளைப் பொதுப் பார்வையிலிருந்தே அகற்றிவிட்டது. எல்லோருக்கும் நஷ்டம், ஒருவருக்கும் லாபமில்லை. ஹார்வர்டு சர்வகலாசாலையும் எம்.ஐ.டி.யும் இதே காரணத்துக்காக 2015-ல் கோர்ட்டுக்கு இழுக்கப்பட்டு, முறையே 2019-லும் 2020-லும் சமரசத்துக்கு வந்து, தமது பதிவுகளுக்கு எழுத்துரை சேர்க்க இசைந்தன. செல்வத்தில் திளைக்கும் ஸ்தாபனங்களுக்கே பின்னால் திருத்துவது இவ்வளவு பாரமாயின், நமக்கு அது எப்படித் தாங்கும்? வீடு கட்டும்போதே வாசற்படியோடு சரிவுப் பாதையும் அமைப்பது சுலபம். கட்டி முடித்த பின் சுவரை இடிப்பது கஷ்டம். பாடமும் அப்படியே.

‘என் வகுப்பில் அப்படிப்பட்ட மாணவர் ஒருவரும் இல்லையே’ என்று சில ஆசிரியர்கள் வினவலாம். 2011-ம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்குப்படி நம் தேசத்தில் இரண்டு கோடியே அறுபத்தெட்டு லட்சம் பேர் உடற்குறை உடையவர்கள். தமிழ்நாட்டில் மாத்திரம் 11 லட்சத்து 79 ஆயிரத்துக்கு மேல். அவர்கள் உமது வகுப்பில் இல்லையென்றால், அவர்கள் இல்லை என்பதன்று அதன் பொருள். உமது வாசல் திறக்கவில்லை என்பதே அதன் பொருள். இந்தியாவில் முதன்முதலில் பார்வையற்றோருக்காக அமிர்தசரஸில் 1887-ல் ஒரு பள்ளி ஏற்பட்டது. அதற்கு முன்பும் பார்வையற்ற குழந்தைகள் இருந்தார்கள். அவர்களைப் பள்ளியில் யாரும் காணவில்லை, அவ்வளவே.

மேலும், இந்த ஏற்பாட்டால் நன்மை பெறுபவர் ஊனமுற்றோர் மாத்திரம் அல்லர். வலை பின்னும் கூட்டத்தின் இரைச்சலுக்கிடையே ஒரே அறையில் உட்கார்ந்து படிக்கும் பையனுக்குப் படத்தின் கீழே ஓடும் எழுத்து உதவுகிறது. சமிக்ஞை மெலிந்து காணொளி நின்றுபோகும் இடத்தில், அதே பாடத்தின் எழுத்துப் பிரதி ஒரு நொடியில் வந்து சேருகிறது. இங்கிலீஷ் பேச்சைக் காதால் பிடிக்க இயலாத கிராமத்து மாணவன், எழுத்தாகப் பார்த்தால் புரிந்துகொள்கிறான். கடைக்கோடியில் நிற்பவனை மனத்தில் கொண்டு செய்த காரியம், நடுவில் நிற்பவனுக்கும் எளிதாகிறது.

ஆகவே நாம் வற்புறுத்துவது இவை. ஆசிரியர் பயிற்சிக் கலாசாலைகளில் இந்தப் பயிற்சி ஒரு மணி நேரப் பிரசங்கமாக அல்லாமல், கையால் செய்து பழகும் பாடமாக இடம்பெற வேண்டும். எந்த ஆசிரியரும் தமது முதற் பாடத்தை வெளியிடுமுன், திரையை அணைத்துவிட்டுத் திரைவாசிப்பானின் குரலை மட்டும் கேட்டு அப்பாடத்தைத் தாமே படித்துப் பார்க்கட்டும். ஆயிரம் விதிகள் போதிக்காததை அந்தப் பத்து நிமிஷம் போதிக்கும். அதற்கான கருவிக்குப் பணமும் தேவையில்லை. கண்ணற்ற இளைஞர் இருவர் ஆஸ்திரேலியாவில் 2006-ல் உருவாக்கத் தொடங்கிய ‘என்.வி.டி.ஏ.’ என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. பயிற்சி அளிப்போர் வரிசையில் ஊனமுற்றவர்களே சம்பளம் பெற்று அமர வேண்டும். தமது வழியிலுள்ள கல்லும் முள்ளும் அவர்களுக்கே தெரியும். ஆசிரியருக்கு இந்த வேலைக்கென நேரமும் ஒதுக்க வேண்டும். வேலைப் பளுவின் மீது கடமையை ஏற்றினால் இரண்டும் கெடும். சர்க்கார் பணத்தில் தயாராகும் எந்தப் பாடமும், எல்லோருக்கும் எட்டுகிறதா என்று பரிசோதிக்கப்படாமல் வெளிவரக் கூடாது.

தேசத் தொண்டர்களுக்கு ஒரு வார்த்தை. ரஸ்தாவும் குடிதண்ணீரும் கேட்டு மனுக் கொடுக்கிறோம். அந்த மனுவோடு, நமது ஜில்லாவின் கலாசாலைகளில் எத்தனை ஆசிரியர்கள் இந்தப் பயிற்சி பெற்றார்கள், எத்தனை பாடங்கள் பரிசோதிக்கப்பட்டன என்ற கேள்வியையும் தகவல் உரிமைச் சட்டப்படி கேட்டு அனுப்புங்கள். கேட்கப்படாத உரிமை காகிதத்திலேயே உறங்கும்.

சுயராஜ்யம் என்பது ஏரியைப் பரங்கியரிடமிருந்து மீட்டதோடு முடிந்துவிடவில்லை. மீட்ட ஏரியில் எவரும் கரையில் நிறுத்தப்படாமல் இறங்குவதே அதன் பூர்த்தி. காட்டூரில் அந்தப் பெண் கைபேசியைக் காதருகில் வைத்துக் காத்திருக்கிறாள். அவளுக்கு ‘படம்’ என்ற ஒற்றைச் சொல் கேட்கப் போகிறதா, பாடம் கேட்கப் போகிறதா என்பது, நமது உபாத்தியாயர்களுக்கு நாம் அளிக்கும் பயிற்சியைப் பொறுத்தது.