ஜாமர்: காக்கிச்சட்டை மட்டும் போதாது

மதுரை–தூத்துக்குடி நான்குவழிச் சாலையில் எட்டயபுரத்தைத் தாண்டினால் வருகிற ஊர் எப்போதும்வென்றான். இருபுறமும் கரிசல் காடு, இடையிடையே ஓடைப் பாலங்கள். முக்கியப் புள்ளி ஒருவர் சாலை வழியாகப் போகிறார் என்றால், முன்கூட்டியே மோப்ப நாயோடு வெடிகுண்டுப் பிரிவுக்காரர்கள் பாலம் பாலமாக இறங்கிப் பார்ப்பார்கள். உச்சகட்டப் பாதுகாப்பு பெற்றவரானால் கான்வாயில் ஆண்டெனா நட்ட ஜாமர் வண்டியும் சேர்ந்துகொள்ளும். அது கடந்து போகும்போது டீக்கடையில் பேசிக்கொண்டிருப்பவரின் செல்போன் அழைப்பு துண்டிக்கப்படலாம்.

பாலத்தடியைக் குனிந்து பார்ப்பது வெறும் சடங்கல்ல. 2011 அக்டோபர் 28 அன்று, திருமங்கலம் அருகே ஆலம்பட்டியில், அத்வானியின் யாத்திரை செல்லவிருந்த வழியில் பாலத்துக்கு அடியில்தான் குழாய் வெடிகுண்டு கிடைத்தது.

செல்போனிலோ ரிமோட்டிலோ இயங்கும் குண்டுக்கு வெளியிலிருந்து ஒரு சமிக்ஞை வந்து சேர வேண்டும். ஜாமர் அதே அலைவரிசையில் அதைவிட வலுவான இரைச்சலைக் கொட்டுகிறது. கோயில் கொடையில் குழாய் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நின்று பேசுகிறவரின் பேச்சு எதிரில் இருப்பவருக்குக் கேட்காது அல்லவா, அந்தக் கதைதான். 2003 டிசம்பரில் ராவல்பிண்டியில் பாகிஸ்தான் அதிபர் முஷாரப்பின் வாகனங்கள் கடந்த பிறகே பாலம் வெடித்தது. கான்வாயிலிருந்த ஜாமர்தான் வெடிப்பைத் தாமதப்படுத்தியது என்று சொல்லப்பட்டது.

இவ்வளவு பயனுள்ள கருவியைச் சட்டம் குற்றப் பொருளாகவே பார்க்கிறது. 1933ஆம் ஆண்டின் இந்தியக் கம்பியில்லாத் தந்திச் சட்டம், உரிமம் இல்லாமல் வானொலிக் கருவி வைத்திருப்பதைத் தடை செய்தது. விலக்கு கொடுக்கும் அதிகாரத்தை அதன் 4ஆம் பிரிவு மத்திய அரசின் கையில் வைத்தது. இப்போதைய தொலைத்தொடர்புச் சட்டம், 2023 இன்னும் நேரடியாகப் பேசுகிறது: தொலைத்தொடர்பைத் தடுக்கும் கருவியை மத்திய அரசின் அனுமதியின்றிப் பயன்படுத்தக் கூடாது என்கிறது 48ஆம் பிரிவு. இது 2024 ஜூலை 5 முதல் நடப்பில் இருக்கிறது.

இதில் போலீஸ் எங்கே வருகிறது? காக்கிச்சட்டை போட்டிருப்பதால் மட்டும் விலக்கு கிடைத்துவிடாது. மாநில அரசுகள், ராணுவம், மத்தியக் காவல் படைகள் ஆகியவை ஜாமர் வாங்கலாம். ஆனால் மத்திய அமைச்சரவைச் செயலகத்தில் செயலர் (பாதுகாப்பு) பதவியில் இருப்பவரின் அனுமதியைப் பெற்றாக வேண்டும். சிறைகளுக்கும் தேர்வு நடத்தும் அமைப்புகளுக்கும் தனி விதிகள் உண்டு. தனியாருக்கு வாய்ப்பே இல்லை. ஆன்லைனில் ஜாமர் விற்பதும் விளம்பரம் செய்வதும் சட்டவிரோதம் என்று 2022இல் தொலைத்தொடர்புத் துறை எச்சரித்தது.

அமெரிக்காவில் கெடுபிடி இன்னும் அதிகம். உள்ளூர் போலீசுக்குத் தன் அதிகாரத்தில் ஜாமரைத் தொட உரிமை கிடையாது. விலக்கு மத்திய அரசின் அமைப்புகளுக்கு மட்டும்தான், அதுவும் வரையறைக்குட்பட்டு.

கெடுபிடிக்குக் காரணம் இருக்கிறது. ஜாமர் ஆள் பார்த்து மறிப்பதில்லை. குண்டுக்குப் போகிற அழைப்பை நிறுத்துகிற அதே நேரத்தில் 108க்குப் போகிற அழைப்பையும் நிறுத்தும். போலீசின் வாக்கிடாக்கியையே முடக்கவும் கூடும். டெல்லி திகார் சிறையைச் சுற்றி வசிப்பவர்கள், ஜாமரால் தங்கள் போன் வேலை செய்யவில்லை என்று புகார் சொன்னதுண்டு.

எல்லாக் குண்டுக்கும் இது மருந்தும் அல்ல. 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தியைக் கொல்ல வெடித்தது, தணு தன் இடுப்பில் கட்டி வந்து தானே இயக்கிய பெல்ட் குண்டு. அங்கே எத்தனை ஜாமர் நின்றிருந்தாலும் ஒன்றும் நடந்திருக்காது. 58 உயிர்களைப் பறித்த 1998 பிப்ரவரி கோவைத் தொடர் வெடிப்புகளில் டைமர் குண்டுகள் இருந்தன. டைமருக்கு எந்த அலைவரிசையும் தேவையில்லை. ஆகவே மோப்ப நாயும், குனிந்து பார்க்கும் கண்ணும் இன்றும் முதல் வரிசையில்தான் நிற்கின்றன. கருவியின் மினுக்கலில் இது மறந்துபோகக் கூடாது.

அனுமதி வாங்கும் விதி தெளிவாக இருக்கிறது. பயன்பாட்டுக் கணக்கு அப்படி இல்லை. எங்கே, எத்தனை நிமிடம் டவர் அடைக்கப்படும் என்பதை முன்னறிவிக்க முடியாது என்பது நியாயம்தான். பயணம் முடிந்த பிறகாவது பதிவு செய்து வெளியிடலாம். ஆம்புலன்ஸுக்காகப் போன் போட்டு அலைந்தவருக்கு அந்தத் தகவலைக் கேட்கும் உரிமை உண்டு.

தீப்பெட்டி ஆபீஸும் பட்டாசு ஆபீஸும் நிறைந்த இந்த வட்டாரத்தில் வெடிமருந்து புதிய சரக்கல்ல. மின் டெட்டனேட்டருக்கு அருகில் போனோ வாக்கிடாக்கியோ கூடாது என்பது குவாரியில் வெடி வைப்பவர்களின் பாலபாடம். அலையின் ஆற்றலே அதைத் தூண்டிவிடக் கூடும். பொதுமக்களுக்கும் அதுவே பொருந்தும். பாலத்தடியிலோ பஸ் ஸ்டாண்டிலோ சந்தேகத்துக்குரிய பொருளைப் பார்த்தால் தொடாதீர்கள், பக்கத்தில் நின்று போட்டோ எடுக்காதீர்கள், அங்கிருந்தே போன் செய்யாதீர்கள். மற்றவர்களையும் கூட்டிக்கொண்டு நன்றாக விலகிப் போய், பிறகு 112க்கு அழையுங்கள்.