அரைகுறை அறிமுகத்தின் பலம்

குரங்கணியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பொறியியல் முடித்து ஓராண்டாகிறது. லிங்க்ட்இன் பக்கத்தில் படத்தை மாற்றிவிட்டார், அறிமுக வரியை மாற்றிவிட்டார், கூடப் படித்த எல்லோரையும் சேர்த்துவிட்டார். வேலைக்கான அறிகுறியே இல்லை. ‘என் புரொஃபைலில் என்ன குறை?’ என்று கேட்கிறார்.

எந்த நிறச் சட்டை, எத்தனை ஹேஷ்டேக் என்று சொல்லித்தரக் காசு வாங்கும் வகுப்புகள் இருக்கின்றன. ஆதாரம் கேட்டால் ‘எனக்குப் பலித்தது’ என்பார்கள். அதை நம்பிப் பணம் கட்ட வேண்டாம். நல்ல ஆதாரம் இருப்பது வேறொரு விஷயத்துக்கு: யாரைச் சேர்த்திருக்கிறோம் என்பதற்கு.

வேலைத் தகவல் பெரும்பாலும் அரைகுறை அறிமுகம் மூலமே வருகிறது என்று எழுதியவர் மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர். ஆண்டு 1973. பாஸ்டனை அடுத்த நியூட்டனில், தெரிந்தவர் மூலம் வேலை மாறியவர்களை விசாரித்தார். தகவல் தந்தவரை அடிக்கடி சந்திப்பதாகச் சொன்னவர்கள் நூற்றுக்கு 17 பேர்தான். எப்போதாவது சந்திப்பவர், ஆண்டுக்கு ஒருமுறையோ அதற்கும் குறைவாகவோ சந்திப்பவர் மூலம் தகவல் பெற்றவர்களே மிச்சப் பேர். வரலாறு இவ்வளவு போதும். காரணம்தான் அழகு.

உங்களுக்கு நெருக்கமானவர்கள் இரண்டு பேர் என்று வையுங்கள். இருவரும் உங்கள் வீட்டுக்கு வந்துபோகிறவர்கள். கொஞ்ச நாளில் அவர்களுக்குள்ளும் பழக்கம் வந்துவிடும்; முக்கோணம் மூடிக்கொள்ளும். இனி, இரண்டு கூட்டங்களை இணைக்கும் ஒரே ஓர் இழையை யோசியுங்கள். அது நெருங்கிய உறவாக இருந்தால், இந்தப் பக்கத்து நண்பர்கள் அந்தப் பக்கத்து ஆளோடு பழகியிருப்பார்கள். இழை இரண்டாகும், நான்காகும். ஒற்றை இழையாகவே நிற்கிறது என்றால் அது நெருக்கமில்லாத உறவுதான். பாலமாக நிற்பது அரைகுறை அறிமுகம் மட்டுமே. கணக்கே போடாமல் இந்த முடிவுக்கு வந்துவிட முடிவது எனக்கு இன்றும் வியப்பு. வாசகியின் வகுப்புத் தோழர்கள் மூடிய முக்கோணங்கள். ஒருவருக்குத் தெரிந்த காலியிடம் அன்று மாலையே வாட்ஸ்அப் குழுவில் எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது.

இதைப் பரிசோதித்துப் பார்க்க அரை நூற்றாண்டு ஆனது. ‘உங்களுக்குத் தெரிந்திருக்கலாம்’ என்று லிங்க்ட்இன் ஆட்களைக் காட்டுகிறதே, அந்தப் பட்டியலைச் சிலருக்கு நெருங்கியவர்கள் பக்கமும் சிலருக்குத் தூரத்தவர்கள் பக்கமும் சாய்த்து, ஐந்தாண்டுகளில் 2 கோடிப் பேரிடம் நடந்த சோதனைகளை ஆராய்ந்து 2022-ல் ‘சயின்ஸ்’ இதழில் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். உறுப்பினர்களுக்குத் தனியாகத் தெரிவிக்காமல் செய்ததைச் சிலர் கண்டித்தார்கள், கண்டிக்க வேண்டியதுதான். முடிவு கிரானோவெட்டருக்குச் சாதகம், ஒரு திருத்தத்தோடு. முன்பின் தெரியாதவரைச் சேர்ப்பதில் பெரிய பலன் இல்லை. சுமார் பத்துப் பொது நண்பர்கள் உள்ளவர் மூலமே வேலை மாற்றம் அதிகம் நடந்தது. அதற்கு மேல் நெருங்க நெருங்கப் பலன் குறைந்தது. இன்னொன்று: கணினிமயமான தொழில்களில்தான் அரைகுறை அறிமுகம் ஜெயிக்கிறது. மற்றவற்றில் நெருங்கிய உறவே கைகொடுக்கிறது. எங்கள் பக்கத்தில் போடிமெட்டு மலை ஏறி எஸ்டேட் வேலைக்குப் போகிறவர்கள் சொந்தக்காரர்களிடம் கேட்பது சரியான வழிதான்.

ஆக, வாசகியின் புரொஃபைலைப் படிக்கப்போகிறவர் அவரை அரைகுறையாக அறிந்தவர். போடியில் ஸ்பைசஸ் போர்டு மையத்தில் நடக்கும் ஏலக்காய் ஏலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டர் முன் அமர்ந்திருக்கும் வியாபாரிக்குத் தோட்டக்காரரைத் தெரியாது. சாம்பிளைக் கையில் கொட்டி நிறம், சைஸ், லிட்டர் வெயிட் (ஒரு லிட்டர் காயின் எடை) பார்த்து விலை கேட்கிறார். ‘ஆலப்புழைப் பச்சை’ வகை ஏலக்காயில் அக்மார்க் முதல் தரம் என்றால் 7 மில்லிமீட்டர், லிட்டருக்கு 435 கிராம். ‘கடின உழைப்பாளி’ என்று எழுதுவது, சாம்பிள் பொட்டலத்தில் ‘மணமுள்ள ஏலக்காய்’ என்று எழுதுவதற்குச் சமம். உள்ளே விதை நிறையாத காய் லிட்டர் வெயிட்டில் மாட்டிக்கொள்ளும். செய்யாத வேலையைச் செய்ததாகப் போடுவது காய்க்கு ஏற்றும் பச்சைச் சாயம். முதல் நேர்காணலில் விரலில் ஒட்டும். ஓராண்டு இடைவெளியை மறைக்கவும் வேண்டாம். வெடித்த காய்க்கும் ஒரு விலை உண்டு.

‘ஏலத்தோட்டத்தில் மண் ஈரம் அளக்கும் கருவி செய்தேன், இத்தனை செடிகளில் சோதித்தேன், இன்ன மொழியில் நிரல் எழுதினேன்’ என்று இருக்கட்டும். பிறகு இரண்டு மூன்று வருஷம் முன்னால் படித்து கோவைக்கோ சென்னைக்கோ போய்விட்ட சீனியர்களைச் சேர்க்கட்டும். வாசகியோடு பேசிப் பழகாத அக்காகூட, அந்த வரியை அப்படியே தன் மேலாளருக்கு அனுப்பிவிட முடியும்.