எல்லையை நகர்த்தாமல் பெற்ற உரிமை

இத்தாலியின் வடக்கு ஓரத்தில், ஆல்ப்ஸ் மலைகளுக்கு நடுவே உள்ள தெற்கு டிரோலில் 2011 கணக்கெடுப்பின்படி பத்தில் ஏழு பேர் ஜெர்மன் மொழியினர். முதல் உலகப் போர் முடிந்ததும் ஆஸ்திரியாவிடமிருந்து இத்தாலிக்குக் கைமாறிய மண் அது. முசோலினி ஆட்சி ஜெர்மன் பள்ளிகளை மூடியது, ஊர்ப்பெயர்களைக்கூட விட்டுவைக்கவில்லை. 1945 மே 8 அன்று உருவான தெற்கு டிரோல் மக்கள் கட்சி முதலில் கேட்டதும் சுயநிர்ணய உரிமையைத்தான். நேச நாடுகள் எல்லையை மாற்ற மறுத்தன. அதன்பின் இத்தாலிக்குள்ளேயே அதிகாரத்தைக் கேட்டுப் பெறும் வழிக்குக் கட்சி திரும்பியதால்தான் அந்த மக்களின் மொழி இன்று பாதுகாப்பாக இருக்கிறது.

அது எளிதில் நடக்கவில்லை. இத்தாலியும் ஆஸ்திரியாவும் செய்த 1946 ஒப்பந்தம் தன்னாட்சியை உறுதியளித்தது. ஆனால் 1948 சட்டம் தெற்கு டிரோலைப் பக்கத்துத் திரெந்தீனோவோடு பிணைத்து, இத்தாலியர் பெரும்பான்மையாக உள்ள ஒற்றைப் பிராந்தியமாக்கியது. 1957இல் சிக்மண்ட்ஸ்குரோன் கோட்டையில் திரண்ட பெருங்கூட்டத்தில் கட்சித் தலைவர் சில்வியுஸ் மாக்னாகோ கேட்டது அந்தப் பிராந்தியத்தின் தலைநகரான திரெந்தோவிடமிருந்து விடுதலை. இத்தாலியை விட்டுப் பிரிவது அல்ல. 1961 ஜூனில் பிரிவினை கோரியோர் மின்கோபுரங்களைக் குண்டுவைத்துச் சாய்த்ததால்தான் ரோம் இறங்கிவந்தது என்பார் உண்டு. குண்டுகள் அவசரத்தைக் கூட்டியிருக்கலாம். ஆனால் ஆஸ்திரியா இந்த வழக்கை ஐ.நா. பொதுச்சபைக்குக் கொண்டுபோய்த் தீர்மானம் பெற்றது அதற்கு முந்தைய ஆண்டிலேயே. 1969இல் கட்சி மாநாடு ரோமுடன் பேசி உருவான உடன்பாட்டுத் தொகுப்பைச் சிறு வித்தியாசத்தில் ஏற்றது. 1972இல் புதிய தன்னாட்சிச் சட்டம் வந்தது. இன்று அங்கே திரளும் வரியில் பத்தில் ஒன்பது பங்கு அங்கேயே செலவாகிறது.

இந்த ஏற்பாடு மக்களைப் பிரித்துவைக்கிறது என்ற குறை வலுவானது. அரசு வேலைக்கு விண்ணப்பிப்பவர் தம் மொழிக்குழுவுக்கான சான்றையும், இரு மொழியும் தெரியும் என்ற சான்றையும் தர வேண்டும். பணியிடங்கள் குழுக்களின் எண்ணிக்கைக்கேற்பப் பங்கிடப்படுகின்றன. பள்ளிகளும் தனித்தனி. கலப்புக் குடும்பத்துப் பிள்ளைக்கு இது நெருக்கடிதான். ஆனாலும் அரசு அலுவலகங்களை இத்தாலியரே நிரப்பியிருந்த காலத்தின் அநீதிக்கு வேறெந்தப் பரிகாரமும் இவ்வளவு உறுதியாக இருந்திருக்காது. குழுத் தெரிவைத் தளர்த்தலாம். பங்கீட்டைக் கைவிடக் கூடாது.

இந்த ஏற்பாட்டைப் பெற்றுத்தந்த தெற்கு டிரோல் மக்கள் கட்சியின் பிடி இன்று தளர்ந்துள்ளது. 2013 வரை சட்டமன்றத்தில் தனிப்பெரும்பான்மை பெற்றுவந்த அது, 2023 தேர்தலில் 35 இடங்களில் 13ஐ மட்டுமே வென்றது. பிறகு அமைத்த கூட்டணியில், முசோலினியின் வாரிசு இயக்கத்திலிருந்து கிளைத்த இத்தாலியச் சகோதரர்கள் கட்சியையும் சேர்த்துக்கொண்டது. அது தவறான முடிவு.